குளோனிங் கால்நடையும் நமது பாற்சங்கமும்

காட்டுப்பள்ளி இன்று துறைமுக ஊராக அறியப்படுகிறது. ஆயினும் அது அடங்கிய பொன்னேரி வட்டத்தில் நெல் வயலும் மாட்டுத் தொழுவமும் மறைந்துவிடவில்லை. குளோனிங் முறையில் பிறந்த கால்நடையின் பாலையும் இறைச்சியையும் உண்ணலாமா என்று உலகெங்கும் நடைபெறும் விவாதம் ஆகவே நம் அங்கத்தினர்க்கும் உரியதே.

கருமுட்டை ஒன்றின் உட்கருவை அகற்றி, வேண்டிய விலங்கின் உடலணுவை அதனோடு இணைத்துக் கருவாக்கி, வேறொரு தாயின் வயிற்றில் வளர்ப்பதே இம்முறை. 1996-ல் ஸ்காட்லாந்தில் ‘டாலி’ என்னும் ஆடு பிறப்பதற்கு 277 முட்டைகள் இவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்டன, பிழைத்தது ஒன்றே. நம் நாட்டில் கர்னால் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் 2009 பிப்ரவரியில் பிறந்த முதல் எருமைக் கன்று சில நாட்களிலேயே இறந்தது. பின்னர் 2010-ல் பிறந்த ‘கரிமா-2’ வளர்ந்து, 2013-ல் தானே ஒரு கன்றை ஈன்றது. 2023 மார்ச்சில் அங்கேயே ‘கங்கா’ என்னும் கிர் இனக் கன்றும் பிறந்தது.

உண்பவர்க்குத் தீங்கு உண்டா? குளோனிங் மாடு, பன்றி, வெள்ளாடு ஆகியவற்றின் பாலும் இறைச்சியும் சாதாரண உணவைப் போன்றே பாதுகாப்பானவை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008-ல் முடிவு கூறிற்று. தனி முத்திரை வேண்டும் என்றும் அது விதிக்கவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதே ஆண்டில் உணவில் வேறுபாடு காணவில்லை. ஆனால் கன்றுகளும் சுமக்கும் தாய்களும் படும் துன்பத்தை எடுத்துக் காட்டியது. 2015-ல் ஐரோப்பியப் பாராளுமன்றம் இம்முறைக்குத் தடை கோரி வாக்களித்தது.

பாலில் நஞ்சில்லை என்பதை யாம் ஏற்கிறோம். எனினும் வினா அத்துடன் தீரவில்லை. விசைத்தறிச் சேலையும் உடம்புக்குத் தீங்கு செய்வதில்லை. அதற்காக அதனைக் கைத்தறி என்று விற்க நம் நெசவாள அங்கத்தினர் இசைவரோ? வாங்குபவர் அறிந்து வாங்க வேண்டும் என்பதே இங்கும் நியாயம். மாட்டிறைச்சி, எலும்பு முதலியன கலந்த தீவனம் உண்ணாத மாட்டின் பாலே என்ற சான்றினை அயல்நாட்டுப் பால் பொருள்களுக்கு நம் அரசாங்கம் நெடுங்காலமாகக் கேட்டு வருவதும் இந்த நியாயம் பற்றியே.

இதனினும் பெரிய காரியம் சினை ஊசியில் இருக்கிறது. பெருஞ்செலவில் உண்டாக்கிய குளோனிங் பசுவைக் கறந்து விற்பவர் அரிது. பொலிகாளையைப் படியெடுத்து விந்தினைப் பரப்புவதே நோக்கம். ஹிசார் மத்திய எருமை ஆராய்ச்சி நிலையத்தில் 2015 டிசம்பரில் பிறந்த ‘ஹிசார் கௌரவ்’ என்னும் கிடாவிடமிருந்து உறைவிந்து சேகரிக்கப்பட்டது. இத்தகைய கிடாவின் மகள் தரும் பால் சங்கத்தின் பொதுக் கேனில் சேர்ந்தபின் அதனைப் பிரித்தறிய எவராலும் இயலாது.

ஒரே இரத்தம் எங்கும் பரவுவதிலும் இடருண்டு. 1962-ல் அமெரிக்காவில் பிறந்த ‘ஆர்லிண்டா சீஃப்’ என்னும் ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000 மகள்கள்! பால் பெருகியது மெய்தான். ஆனால் அக்காளையிடம் மறைந்திருந்த ஒரு குறையினால் உலகெங்கும் சுமார் 5 இலட்சம் கருக்கள் சிதைந்தன என்று பிற்காலத்தில் கணக்கிட்டனர். அது குளோனிங் காளையன்று. சாதாரண சினை ஊசியின் விளைவே. இறந்த காளையையும் மீண்டும் படியெடுக்கலாம் எனில், அத்தகைய குறை எத்துணைத் தொழுவங்களில் நுழையும்!

உறைவிந்துக் குச்சியின்மீது காளையின் எண்ணும் இனமும் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஊசி போட்டவுடன் குச்சியை எறிந்துவிடாமல், அவ்வெண்ணையும் தேதியையும் சங்கப் பதிவேட்டில் பசுவின் பெயருக்கு நேரே காரியதரிசி எழுதிவைத்தல் வேண்டும். அக்காளை எம்முறையில் பிறந்தது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு அறிதல் அங்கத்தினரின் உரிமை. அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். செலவு ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுமே.