மோப்பநாய் நின்ற வாசல்
மோப்பநாய் காலனி வாசலில் நின்றால் போதும், குற்றவாளி இங்கேதான் என்று ஊர் முடிவுகட்டிவிடும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிணம் தேடப் பழக்கிய நாய் அழுகிய உடலின் வாடையைத்தான் காட்டும். கொன்றவர் யார் என்று சொல்லாது. பிணத்தை அகற்றிய பிறகும் மண்ணில் வாடை தங்கும். நாயைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது. மோப்பநாய் சாட்சியத்துக்குப் பொதுவாக அதிக மதிப்பில்லை என்று அப்துல் ரசாக் வழக்கில் 1969-இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

நம் மாவட்டத்து வேங்கைவயல் குடிநீர்த் தொட்டி வழக்கில் 2025 ஜனவரியில் பட்டியல் சாதியினர் மூவர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. நாயோ, டிஎன்ஏவோ, செல்பேசியோ, எந்தத் தடயமும் நீதிமன்றத்தில் சோதிக்கப்பட வேண்டும். பட்டியல் சாதியினருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.