புது மண்டபமும் மாசி வீதிகளும்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்பது புது மண்டபம். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், வைகாசி வசந்த விழாவில் அம்மனும் சுவாமியும் எழுந்தருள்வதற்காக இதைக் கட்டினார். அதனால் வசந்த மண்டபம் என்றும் பெயர். ஏறத்தாழ 333 அடி நீளம், 105 அடி அகலம், 124 தூண்கள். வெயிலின் வெக்கை தணியச் சுற்றிலும் நீர் தேக்கும் வாய்க்கால் அமைத்திருந்தார்கள். நடுத்தூண்களில் விசுவநாதர் முதல் திருமலை வரையிலான பத்து நாயக்கர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். மீனாட்சி கல்யாணம், கயிலையைத் தூக்கும் இராவணன், கரும்பு தின்னும் கல் யானை ஆகியவையும் இங்கே உண்டு.

விழா சில நாள்தான். மற்ற நாட்களில் அந்த நிழல் வணிகத்துக்கு உதவியது. தையல்காரர்கள், புத்தகக் கடைக்காரர்கள், பாத்திரம், வளையல், சொப்புச் சாமான் விற்பவர்கள் எனத் தூணுக்குத் தூண் கடை வந்தது. தையல் இயந்திரத்துக்குப் பின்னால் சிற்பம் மறைந்தது. சித்திரை வந்தால் இங்கே கூட்டம் நெரிந்தது. அழகர் வைகையில் இறங்கும் நாளில் வேடமிடும் பக்தர்களுக்குச் சல்லடமும் தலைப்பாகையும் வேண்டும். தண்ணீர் பீய்ச்ச ஆட்டுத்தோல் பையும் வேண்டும். சாமிக்கு உடுப்பு தைப்பவர்களும் இந்தத் தையல்காரர்கள்தான்.

2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்தது. அதன்பின் கோயில் மண்டபங்களிலிருந்து கடைகளை அகற்றும் வேலை வேகம் பிடித்தது. புது மண்டபக் கடைகள் பக்கத்திலுள்ள குன்னத்தூர் சத்திரத்தின் புதுக் கட்டடத்துக்கு மாறின. மண்டபத்துக்கு அருகிலேயே எழுகடல் தெரு. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை நீராட ஏழு கடலையும் இறைவன் வரவழைத்ததாகக் கதை சொல்லும் குளம் இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது.

கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என அடுக்கடுக்காக ஓடும் வீதிகள் விழா மாதங்களின் பெயர் தாங்கியவை. ஆனால் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். மாசியில் நடந்த திருக்கல்யாண விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார். தேர் பழைய வீதியை விடவில்லை. தேர் திரும்ப இடம்விட்ட அகலமான அந்த வீதிகளே நகரின் பெரிய கடைத்தெருக்களாயின. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள். தெற்கு மாசி வீதியில் ஜவுளி. கீழ மாசி வீதியில் பலசரக்கு. சங்க காலத்திலேயே மதுரையில் பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என இரு சந்தைகள் நடந்ததை மதுரைக்காஞ்சி விவரிக்கிறது.

மாசி வீதிகளுக்கு வெளியே உள்ள வெளி வீதிகள் மட்டும் பிற்காலத்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரை விரித்தார். அந்த வேலையில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயராலும் வீதிகள் இருக்கின்றன. பிளாக்பர்னின் நினைவாக நிறுத்திய விளக்குத்தூண், கீழ மாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் கூடும் பகுதியில் நிற்கிறது. தீபாவளிக்குத் துணி எடுக்க வருபவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் இடமும், ஜிகர்தண்டா குடிக்க நிற்கும் இடமும் அதுதான்.