உங்களுக்குத் தெரியுமா? ஆறு புள்ளிகளுக்குள் தமிழ்

1606இல் உருவான மயிலை மறைமாவட்டமும் சென்னை உயர்மறைமாவட்டமும் 1952இல் ஒன்றாக இணைந்து சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் ஆயின. சாந்தோம் பேராலயத்தை அறியாத சென்னைவாசி இல்லை. ஆனால் அந்த உயர்மறைமாவட்டத்தின் எல்லைக்குள் துறவற சபைகள் நடத்தும் சில பள்ளிகளைத் தினமும் கடந்து போகிறவர்கள்கூட உள்ளே நடப்பதை அறிவதில்லை.

அடையாறு கெனால் பேங்க் சாலையில் இருக்கிறது புனித லூயிஸ் பள்ளி. காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் புனித காபிரியேல் மொன்ஃபோர்ட் சகோதரர்கள் நடத்துவது. 19ஆம் நூற்றாண்டு பிரான்சில் காது கேளாதோர் கல்விக்கு உழைத்த காபிரியேல் தெசாயேயின் வழிவந்த சபை இது. தி. நகரை ஒட்டிய ஜி.என். செட்டி சாலையில் லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் பள்ளிகளும் இதே பணியைச் செய்கின்றன.

இப்பள்ளிகளில் பார்வையற்ற பிள்ளைகள், விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலை எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சட்டத்தில் தடித்த தாளைச் செருகி, பிள்ளை வலமிருந்து இடமாக ஊசியால் குத்திக்கொண்டே போகும். தாளைத் திருப்பினால் குழிகள் மேடாகி, இடமிருந்து வலமாக விரலுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அதிகபட்சம் ஆறு புள்ளிகள். அச்சில் 'கொ' என்று எழுத, ககரத்துக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால். பிரெயிலில் அந்தச் சுற்றெல்லாம் கிடையாது: முதலில் ககரம், அடுத்து ஒகரம். நாம் உச்சரிக்கும் வரிசையிலேயே எழுத்து நிற்கிறது, என்ன அழகான ஏற்பாடு!

இப்படிப் பிரெயிலில் படித்து வரும் பார்வையற்ற மாணவர் பொதுத்தேர்வில் விடை சொல்லச் சொல்ல எழுதித்தர ஒருவரை அரசு அனுமதிக்கிறது. கூடுதல் நேரமும் உண்டு.