பத்து டாலர் நோட்டில் இருந்த ஊர்

ஆஸ்திரேலியாவில், சிட்னிக்கு வடமேற்கே உள்ளது மட்ஜி. திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒயினுக்கும் பேர்போன வட்டாரம். வருகிறவர்களில் பலர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் கல்காங் என்ற சிற்றூர். நேயர்களே, அதை விட்டுவிடாதீர்கள்!

1870இல் அங்கே தங்கம் கிடைத்தது. ஆயிரக்கணக்கில் கூட்டம் குவிந்தது. 1872இல் போஃபாய் மெர்லின், சார்லஸ் பேலிஸ் என்ற இரு புகைப்படக் கலைஞர்கள் தெருத்தெருவாகப் போனார்கள். கடை வாசலில் நின்ற கடைக்காரர்களையும், மரப்பட்டைக் குடிசை முன் நின்ற குடும்பங்களையும் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்தார்கள். சாமானியர்களுக்கு இப்படியொரு ஆவணம் அமைவது அபூர்வம். பல்லாண்டு காலம் சிட்னியில் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் கிடந்த அந்தத் தகடுகள் 1951இல்தான் வெளியே வந்தன. 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுத் திட்டத்தின் ஆஸ்திரேலியப் பதிவேட்டிலும் இடம்பெற்றன.

எழுத்தாளர் ஹென்றி லாசன் சிறுவயதில் வாழ்ந்ததும் கல்காங் பகுதியில்தான். 1966இல் வெளியான பத்து டாலர் நோட்டில் அவர் முகத்தோடு கல்காங் தெருக்களும் அச்சாகியிருந்தன. முதலில் ஊரிலுள்ள ஹோல்டர்மன் அருங்காட்சியகத்தில் அந்தக் கண்ணாடித் தகட்டுப் படங்களைப் பாருங்கள். பிறகு, வளைந்து செல்லும் மேயின் தெருவில் நடங்கள். பழைய கட்டடங்கள் பல இன்றும் நிற்கின்றன.