கடுகின் காரமும் அதன் கலங்களும்

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது தமிழ் வழங்கும் இடமெங்கும் கேட்கும் பழமொழி. ஆயினும் ஒரு கடுகைப் பல்லிற் படாமல் நாவில் வைத்திருந்தால் காரம் தோன்றுவதில்லை. அது விதையினுள் ஆயத்தமாக இருப்பதன்று. விதை உடைந்து நீர் பட்டதும் பிறப்பது. பிறந்தபின் நாளடைவில் தளர்ந்து போவது. இவ்வியல்பை அறிந்தால், ஒரே கடுகு நாட்டுக்கு நாடு வெவ்வேறு சுவையோடும் வெவ்வேறு கலங்களிலும் உணவு மேசைக்கு வருவதன் காரணம் விளங்கும்.

கல்முனைக்கு அண்மையில், வயல்வெளி சூழ அமைந்த ஊர் சம்மாந்துறை. அவ்வூர் அடுக்களைகளில் கடுகுக்கு இரு வேலைகள் உண்டு. ஒன்று தாளிதம்: கொதிக்கும் எண்ணெயில் கடுகு வெடித்துக் கறிக்கு மணம் தருகிறது, காரம் தருவதில்லை. மற்றையது அச்சாறு. கலியாண வீட்டுப் புரியாணிக்குத் துணையாக வரும் மலாய் அச்சாற்றில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பேரீச்சம்பழம் முதலியன வினாகிரியோடும் அரைத்த கடுகோடும் சேர்கின்றன. சஹனைச் சுற்றி அமர்ந்தோர் அதை வாயிலிட்டால் காரம் மூக்குவரை ஏறும். ஒரே கடுகு ஓரிடத்தில் சாதுவாகவும் மற்றோரிடத்தில் சினத்தோடும் நிற்பது ஏன்?

கடுகின் நுண்ணறைகளில் சினிகிரின் என்னும் பொருளும் மைரோசினேஸ் என்னும் நொதியமும் ஒன்றையொன்று தீண்டாமல் தனித்தனியே இருக்கின்றன. அம்மியில் நசுங்கி ஈரம் படும்போது இரண்டும் கூடுகின்றன. எளிதில் ஆவியாகும் காரநெய் உண்டாகிறது. மூக்கை எரிப்பது அதுவே. கொதிக்கும் எண்ணெயும் கொதிநீரும் நொதியத்தை அழித்துவிடுவதால் தாளித்த கடுகில் காரம் பிறப்பதில்லை. வினாகிரியின் புளிப்போ நொதியத்தின் வேகத்தைத் தணித்து, பிறந்த காரம் விரைவில் அகலாதபடி காக்கிறது.

கடுகில் மூவகை உண்டு: கருங்கடுகு, இந்தியாவிலும் இலங்கையிலும் பெருவழக்கான பழுப்புக் கடுகு, வெண்கடுகு. முதலிரண்டின் காரம் மூக்கிலேறும். வெண்கடுகின் காரம் எளிதில் ஆவியாகாதது, நாவோடு நின்றுவிடும். கருங்கடுகுச் செடி உயர்ந்து வளர்வது. முற்றிய காய்கள் வெடித்து விதை சிதறுவதால் இயந்திர அறுவடைக்கு இசையாது. எனவே இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் அதன் இடத்தைப் பழுப்புக் கடுகு பிடித்தது.

இங்கிலாந்தில் 1814இல் ஜெரமையா கோல்மன் என்பார் நொரிச் நகரருகே கடுகுத் தூள் வாணிகத்தைத் தொடங்கினார். அந்நாட்டார் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் வைத்து உடனே உண்பர். காரம் நெடுநேரம் நில்லாததால் பெரிய பாத்திரம் வேண்டியதில்லை. மூடியும் சிறு கரண்டியும் கொண்ட வெள்ளிச் சிமிழ் போதுமானது. கடுகு வெள்ளியை அரிக்குமாதலால் சிமிழினுள்ளே நீலக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைப் பொருத்தினர்.

பிரான்சு நாட்டின் டிஜோன் நகரில் 1856இல் ஜான் நெஜோன் என்பார் வினாகிரிக்குப் பதிலாகப் பழுக்காத திராட்சையின் புளிச்சாற்றைச் சேர்த்தார். புளிப்போடு அரைத்த இவ்விழுது பலநாள் நிற்கும். ஆதலால் அது மண்சாடிகளிற் புகுந்தது. இன்றும் அந்நகரிற் சில கடைகளில் குழாய் வழியே புதுக்கடுகு விழுதைச் சாடிகளில் நிரப்பித் தருகின்றனர்.

அமெரிக்காவில் 1904ஆம் ஆண்டு சென் லூயிஸ் உலகக் கண்காட்சியில் பிரெஞ்ச் என்னும் பெயருடைய நிறுவனத்தார் வெண்கடுகும் மஞ்சளும் வினாகிரியும் கலந்த மென்மையான கடுகை அறிமுகஞ் செய்தனர். சிறுவரும் தாராளமாக உண்ணத்தக்க அதற்கு அழுத்தினால் பீறிடும் மஞ்சள் நிறப் போத்தல் பின்னாளில் பொருத்தமான கலமாயிற்று. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பற்பசைபோல் பிதுக்கியெடுக்கும் உலோகக் குழாயில் கடுகு விற்கப்படுகிறது. காற்று உட்புகாமையால் அதன் காரம் நெடுநாள் குன்றுவதில்லை. காரம் விரைந்து போகுமிடத்திற் சிறு சிமிழ், நிற்குமிடத்திற் சாடி, மென்மையானவிடத்திற் பீறிடும் போத்தல் என்று கலம் கடுகின் குணத்தைப் பின்பற்றியே அமைந்துள்ளது.

புகழ்பெற்ற பெயர் ஓரிடத்திலும் விதை வேறிடத்திலும் இருப்பதில் ஓர் இடர் உண்டு. டிஜோன் கடுகு என்பது செய்முறையின் பெயரேயன்றி ஊரின் விளைபொருளைக் குறிப்பதன்று; அதற்கான விதையிற் பெரும்பகுதி கனடாவிலிருந்து வந்தது. 2021இல் அங்கே வறட்சியால் விளைச்சல் குன்ற, 2022இல் பிரான்சின் கடைகளில் கடுகுத் தட்டுகள் வெறுமையாயின. அதே 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையிலும் இறக்குமதிப் பண்டங்கள் அருகி விலையேறின. வந்திறங்கும் போத்தலையே நம்பிய மேசை, போத்தல் வராதபோது வெறுமையாகிறது.

அச்சாறு இட அறிந்த வீட்டுக்கு அத்தகைய இடர் குறைவு. இலங்கையின் வறண்ட வலயச் சேனைகளிற் கடுகு விளைகிறது. தென்னை தரும் கள்ளிலிருந்து வினாகிரியும் கிடைக்கிறது. கடுங்காரம் வேண்டுவோர் கடுகைத் தண்ணீர் தெளித்து அரைத்துப் பத்து நிமிடம் வைத்தபின் வினாகிரி சேர்க்கலாம். மென்மை வேண்டுவோர் முதலிலேயே வினாகிரி விட்டு அரைக்கலாம். இரண்டுக்கும் ஏற்ற கலம் இறுக மூடிய கண்ணாடிப் போத்தலோ பீங்கான் பரணியோ ஆகும். புளிப்பு அரிக்குமாதலால் அலுமினியமும் பித்தளையும் ஆகா. உலோகக் கரண்டியைப் பரணியிலேயே விட்டுவைக்காமல், எடுப்பதற்குச் சிரட்டை அகப்பையைக் கையாளுதல் நன்று.