கரும்பு ஜூஸ் மெஷினும் 27 நட்சத்திரமும்: கோம்பை மாட்டுக்கொட்டகையில் ஒரு டிவைடிங் ஹெட்!

மொத்தம் 27 பல். அதில் 26 பார்க்க ஒழுங்காகத்தான் வந்திருந்தன. கடைசிப் பல் மட்டும் இரண்டு பல்லை ஒட்டவைத்த மாதிரி தடியாக நின்றது.

மாமா மெஷினை நிறுத்தினார். மூன்று கிலோ வார்ப்பிரும்பு, ஒரு முழு நாள் வேலை, எல்லாம் போச்சு. "என்ன தாயி இது..." என்றவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. வாசலில் கரும்பு ஜூஸ் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கியர்தான் அது.

கோம்பை என்றதும் உங்களுக்கு நாய் ஞாபகத்துக்கு வரும். அந்த நாய்க்குப் பெயர் கொடுத்த ஊர்தான் இது. தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகா. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. மலைக்கு மேலே கேரளத்தின் ராமக்கல்மேடு. சுற்றிலும் தென்னை, திராட்சை. மாமா ஐடிஐ-யில் மெஷினிஸ்ட் படித்து, கோவையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மாடு விற்ற பிறகு காலியாகக் கிடந்த கொட்டகையில் ஒரு பழைய லேத், ஒரு சின்ன மில்லிங் மெஷின் போட்டிருக்கிறார். பம்ப்செட் ஷாஃப்ட், டிராக்டர் பின், ஸ்பிரேயர் பாகம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும்.

ஜூஸ் கடைக்காரருடைய மெஷின் பழைய மாடல். உருளையை ஓட்டும் கியரில் மூன்று பல் உடைந்துவிட்டது. மாற்று கியர் கிடைக்கவில்லை. கோவைக்கு அனுப்பினால் வெட்டித் தருவார்கள், ஆனால் வரிசையில் காத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு வாரம் கடை மூடினால் அவருக்கு அது வருஷத்தின் பெரிய நஷ்டம். "அண்ணே, நீங்களே பண்ணிக் குடுங்கண்ணே" என்று வந்து நின்றார். மாமா தைரியமாக ஒப்புக்கொண்டதற்குக் காரணம், இரண்டு மாதம் முன்பு அவர் வாங்கிப்போட்ட டிவைடிங் ஹெட்.

ஒரு கேக்கை எட்டாக வெட்டுவது சுலபம். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி. அதே கேக்கை 27 சமத் துண்டாக வெட்டச் சொன்னால்? கண்ணை நம்ப முடியாது. இரும்பில் அந்த வேலையைச் செய்வதுதான் டிவைடிங் ஹெட். ஜாதகம் பார்ப்பவர்களுக்கு 27 புதிதல்ல: வட்டத்தை 27 ஆகப் பிரித்தால் ஒரு நட்சத்திரத்துக்கு 13 பாகை 20 கலை. இந்த கியரில் ஒரு பல்லுக்கும் அதே 13 பாகை 20 கலைதான். மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அசுவினியில ஆரம்பிச்சு ரேவதியில முடிக்கணும், அம்புட்டுதான்" என்றார்.

உள்ளே இருப்பது எளிமையான சங்கதி. 40 பல் கொண்ட ஒரு சக்கரம், அதை ஓட்டும் திருகு போன்ற ஒரு வார்ம். கைப்பிடியை 40 சுற்று சுற்றினால், பிடித்திருக்கும் இரும்பு ஒரே ஒரு சுற்று சுற்றும். ஆக, எத்தனை பல் வேண்டுமோ அந்த எண்ணால் 40-ஐ வகுக்க வேண்டும். 20 பல் என்றால் பல்லுக்கு இரண்டு சுற்று. 27 பல் என்றால் ஒரு முழுச் சுற்று, மேலே 27-ல் 13 பங்கு. அந்தப் பங்குக்காகத்தான் கைப்பிடிக்குப் பின்னால் வட்ட வட்டமாகத் துளை போட்ட தகடு இருக்கிறது. 27 துளை உள்ள வட்டத்தைப் பிடித்து, ஒரு சுற்றும் 13 துளையும் நகர்த்தினால் அடுத்த பல். ஐடிஐ-யில் மெஷினிஸ்ட் படிக்கும் பிள்ளைகள் இந்தக் கணக்கைத் தூக்கத்திலும் சொல்வார்கள்.

விலைப் பட்டியலில் 'பிஎஸ்-0', 'பிஎஸ்-2' என்று பார்ப்பீர்கள். பிஎஸ் என்பது பிரவுன் அண்ட் ஷார்ப் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயர். டிரில் பிட்டின் சுருள் பள்ளத்தைக் கையால் அரம் போட்டு உருவாக்கிக்கொண்டிருந்த காலத்தில், 1862-ல் ஜோசப் பிரவுன் அதை மெஷினில் வெட்டிக் காட்டினார். அவருடைய யுனிவர்சல் மில்லிங் மெஷினோடு வந்த டிவைடிங் ஹெட்டின் வம்சம்தான் இன்றைக்கு நாம் வாங்குவது. வீட்டுப் பட்டறைக்கு பிஎஸ்-0 போதும். மையம் அடிப்பாகத்திலிருந்து சுமார் 100 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும்.

வெளிநாட்டுப் பெரிய கம்பெனிச் சரக்கு கட்டுப்படியாகாது. லூதியானா, பட்டாலா, ராஜ்கோட் பக்கம் செய்வதும், இறக்குமதியாகும் மலிவு ரகமும் இருக்கின்றன. மாமா வாங்கியது மலிவு ரகம். நல்ல ஸ்மார்ட்போன் ஒன்றின் விலை. பார்சலைப் பிரித்த அன்று அத்தை, "இத்தன காசு குடுத்துச் சக்கரம் சுத்தவா?" என்று கேட்டது இன்னும் அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

எதைப் பார்த்து வாங்குவது? கடையில் பெயின்ட் பளபளப்பையும், தகட்டில் துளைகள் அழகாக இருக்கின்றனவா என்பதையும்தான் நாம் பார்ப்போம். மாமா இரண்டையும் சட்டை செய்யவில்லை.

"தகட்டுல ஒரு துளை அரை மில்லி தள்ளியே இருக்குன்னு வையி. அந்தத் தப்பு நாப்பதால வகுபட்டுத்தான் கியருக்கு வரும்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். துளை வட்டமும் கியரும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால், அரை மில்லிமீட்டர் பிழை 0.0125 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஆனால் வார்முக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் லூஸை யாரும் வகுத்துக் கொடுப்பதில்லை. அது அப்படியே பல்லில் வந்து உட்காரும். ஸ்பிண்டில் ஆட்டமும் அப்படித்தான். வார்முக்கு முன்னால் இருக்கும் தப்பை மன்னிக்கலாம், பின்னால் இருப்பதை மன்னிக்க முடியாது. மலிவு ரகம் வாங்க நினைப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால்கூட ஏமாற மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அதனால் கடையிலேயே செய்ய வேண்டியது இது. கைப்பிடியைப் பூட்டிவிட்டு, சக்கைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆடினால் பயப்பட வேண்டாம். லூஸ் குறைக்கும் அமைப்பு உள்ளே இருக்கும். பிறகு கைப்பிடியை 40 சுற்றும் நிதானமாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் வழுக்கினால் சக்கரம் மையம் தப்பி வெட்டப்பட்டிருக்கிறது. லேசாக இருந்தால் சமாளிக்கலாம். கை நின்றுபோகும் அளவுக்கு என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, 24 துளைத் தகடு மட்டும் வைத்த, வார்ம் இல்லாத சாதனங்களும் விற்பனைக்கு உண்டு. 24-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்ணுக்கு மட்டுமே அவை உதவும். நம் 27-க்கு ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, முழுசாகக் கழற்றி டீசலில் கழுவியது. மாமா கழுவிய தட்டின் அடியில் தங்கிய கசடை விரலால் தொட்டுப் பார்த்தேன். நறநறவென்று மணல். அதோடு ஓட்டியிருந்தால் வார்ம் தானாகத் தேய்ந்திருக்கும். பிறகு ஒவ்வொரு விளிம்பிலும் பிசிறு நீக்கினார். அடிப்பாகத்தை எண்ணெய்க்கல்லில் தேய்த்தார், மெஷின் மேஜையில் ஆடாமல் உட்கார.

அடுத்தது லூஸ். வார்ம் ஒரு எக்சென்ட்ரிக் புஷ்ஷுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்த புஷ்ஷைக் கொஞ்சம் திருப்பினால் வார்ம் சக்கரத்தை நெருங்கும். மாமா ஸ்பிண்டிலில் ஒரு தண்டைக் குறுக்காகக் கட்டி, மையத்திலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி டயல் கேஜ் வைத்து அசைத்தார். முதலில் 0.4 மில்லிமீட்டர் ஆடியது. புஷ்ஷைத் திருப்பித் திருப்பி 0.05-க்குக் கொண்டுவந்தார். இதில் அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. லூஸான இடத்தில் வைத்து இறுக்கிவிட்டால், சக்கரம் இறுகும் இடத்துக்கு வரும்போது கைப்பிடி நின்றுவிடும். எனவே ஒரு முழுச் சுற்றில் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். மற்ற இடங்களில் மிஞ்சும் சிறு லூஸுக்கு மருந்து, எப்போதும் ஒரே திசையில் சுற்றுவது, வெட்டும் முன் ஸ்பிண்டிலைப் பூட்டுவது. தாண்டிப் போய்விட்டால் நன்றாகப் பின்னால் வந்து, மறுபடி அதே திசையில் துளையை அடைய வேண்டும்.

கடைசியாக ஸ்பிண்டில் மட்டமாக இருக்கிறதா, எதிர்முனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் அதே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை அடியில் கொடுத்து உயரம் சரியானது. மொத்தம் மூன்று நாள்.

வட்டத்தைப் பிரிக்கும் கருவி கெட்டு, அதை உட்கார்ந்து சரிசெய்த பெரிய கதை ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. இந்தியாவை அளந்த வில்லியம் லாம்டனிடம் லண்டனிலிருந்து வந்த அரை டன் எடையுள்ள தியோடலைட் இருந்தது. கோணம் அளக்கும் அதன் வட்டம் 36 அங்குலம். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. வட்டம் நெளிந்துவிட்டது. புதிதாக வரவழைப்பது அவ்வளவு சீக்கிரம் நடக்கிற காரியமா? லாம்டன் பலகையில் சரியான வட்டம் ஒன்றை வெட்டி, ஆப்பும் திருகும் கொண்டு நெளிந்த விளிம்பை அந்த அளவுக்கு மெல்ல மெல்ல இழுத்தார். வளைந்த ஆரக்கால்களைச் சிறு மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம் ஆனது. அதன்பின் பல ஆண்டுகள் அந்தக் கருவி சர்வேயில் உழைத்தது.

சரி, இவ்வளவு கவனமாகத் தயாரித்த டிவைடிங் ஹெட்டில் கடைசிப் பல் ஏன் தடித்தது?

அரை நாள் மாமா மெஷினைச் சந்தேகப்பட்டார். மறுபடி டயல் கேஜ் வைத்தார். எல்லாம் சரி. பிறகு துளைத் தகட்டின் பக்கம் குனிந்தவர், அதன் மேல் கத்தரிக்கோல் மாதிரி நிற்கும் இரண்டு கைகளைப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் துளை எண்ணாமல் இருக்க, தூரத்தை அளந்து நிறுத்திவைக்கும் செக்டார் கைகள் அவை.

"இத யாரு வச்சது?"

நான்தான். ஆசையாகக் கேட்டேன், கொடுத்தார். பின் செருகியிருக்கும் துளையையும் சேர்த்து 13 என்று எண்ணிவிட்டேன். அந்தத் துளை கணக்கில் பூஜ்ஜியம். நாம் படி ஏறும்போது நிற்கும் தரையை முதல் படியாக எண்ணுவதில்லையே, அதுபோல. கைகளுக்கு நடுவில் 14 துளை இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நகர்விலும் ஒரு துளை, அதாவது டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கண்ணுக்கே தெரியாது. 26 நகர்வில் அது 8.67 டிகிரி. அத்தனையும் கடைசிப் பல்லில் போய்ச் சேர்ந்துவிட்டது.

மாமா என்னைத் திட்டவில்லை. "எம்மேலதான் தப்பு. கீறிப் பாக்காம ஆழமா எறக்கிட்டேன்" என்றார். மறுநாள் புது வட்டில் முதலில் வெறும் கீறல்தான். கட்டர் தொட்டும் தொடாமலும் 27 கோடு. இருபத்தேழாவது நகர்வில் கட்டர் முதல் கோட்டின் மேலேயே வந்து நின்ற பிறகுதான் 9 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறக்கினார். சாயங்காலத்துக்குள் கறுப்புத் தூள் மூக்கெல்லாம் ஏறியிருந்தது. கியர் தயார்.

கூலி வாங்கும்போது வீணான வட்டின் காசை மாமா சேர்க்கவில்லை. அதை என்னிடம் கேட்டார், கொடுத்தேன். ஜூஸ் கடை அன்று இரவு எட்டு மணிக்கு ஓடியது. முதல் டம்ளர் மாமாவுக்கு, இஞ்சி எலுமிச்சை போட்டு, ஐஸ் இல்லாமல். அத்தைக்கு ஒரு பார்சலும் வாங்கிக்கொண்டோம்.