பழைய பத்திரிகையில் ஒரு குடும்பப் புத்தகம்



உங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு பாலிதீன் பை இருக்கும். அந்தப் பைக்குள் என்னென்ன இருக்கும்? ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, குழந்தையின் தடுப்பூசி அட்டை இருக்கும். கல்யாணப் பத்திரிகையும் நாலைந்து போட்டோக்களும் இருக்கும். எல்லாம் ஒரே பையில் கலந்து கிடக்கும்.

டெல்லியில் எங்கள் வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். காலையில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். மாலையில் படிக்க வருகிறார். ஒரு மழை இரவில் அவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. போட்டோக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது உரிந்து வந்தன. தடுப்பூசி அட்டையில் மை கரைந்துவிட்டது.

"அட்டையைத் திரும்பக்கூட வாங்கிடலாம் கண்ணு. எங்கம்மா போட்டோ இருந்தது அது ஒண்ணுதான்" என்றார் அக்கா.

அன்றைக்கு வகுப்பில் ஒரு முடிவு செய்தோம். ஆளுக்கு ஒரு குடும்பப் புத்தகம் செய்வது என்று. கடையில் வாங்கும் ஆல்பம் வேண்டாம். நாமே வெட்டி, ஒட்டி, எழுதிச் செய்யலாம். அதை எப்படிச் செய்வது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

காகிதம் ஏன் முக்கியம்?

டெல்லியில் ஜங்புரா பகுதியில் 'மதராசி கேம்ப்' என்ற குடிசைப் பகுதி இருந்தது. பாராபுல்லா கால்வாயின் கரையில் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்கு வந்த குடும்பங்கள் அங்கே பல பத்தாண்டுகள் வாழ்ந்தன. நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று அந்தக் குடிசைகள் இடிக்கப்பட்டன. மொத்தம் 370 குடிசைகள். அவற்றில் 215 குடும்பங்களுக்கு மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்று முடிவானது. அவர்களுக்கு நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது.

டெல்லி அரசின் 2015-ஆம் ஆண்டுக் கொள்கைப்படிதான் தகுதி பார்த்தார்கள். 2015 ஜனவரி 1-க்கு முன்பே அங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டியிருந்தது. வாயால் சொன்னால் போதாது. காகிதம் வேண்டும்.

ஒரு சின்னக் காகிதத்துக்கு எவ்வளவு பலம், பார்த்தீர்களா? அதனால்தான் நம் புத்தகத்தில் இரண்டு பகுதிகள் வைக்கிறோம். முன்பகுதி நினைவுக்கு. பின்பகுதி ஆவணங்களின் நகலுக்கு.

ஒட்டி வைக்கும் வழக்கம்

படங்களையும் துண்டுக் காகிதங்களையும் புத்தகத்தில் ஒட்டி வைப்பது புதிய வழக்கம் அல்ல. வெளிநாடுகளில் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறது. மார்க் ட்வைன் என்று ஓர் அமெரிக்க எழுத்தாளர் இருந்தார். அவருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஒவ்வொரு முறையும் பசை தேடுவது அவருக்கு எரிச்சலாக இருந்தது. அதனால் பக்கங்களிலேயே பசை தடவிய புத்தகம் ஒன்றை உருவாக்கினார். தண்ணீர் தொட்டு ஒட்டினால் போதும். 1873-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்.

நம் நாட்டிலும் காகிதக் கலைகள் உண்டு. மதுராவில் 'சாஞ்சி' என்று ஒரு கலை இருக்கிறது. காகிதத்தில் மரம், மயில், பசு, கண்ணன் என்று நுணுக்கமாக வெட்டுவார்கள். அந்தக் காகிதத்தைத் தரையில் வைத்து வண்ணப் பொடி தூவுவார்கள். காகிதத்தை எடுத்தால் கோலம் நிற்கும். ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் உள்ள சாங்கானேரில் பழந்துணியை ஊற வைத்து, கூழாக்கி, கையால் காகிதம் செய்கிறார்கள்.

கைக்காகிதத் தொழில் நிற்க வேண்டும் என்று பாடுபட்டவர்களில் ஒருவர் தமிழர். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா. காந்தியடிகள் 1934-இல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கினார். அதைப் பொறுப்பேற்று நடத்தியவர் குமரப்பா. சாங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

நல்ல காகிதம் எங்கே கிடைக்கும்?

பூப்போட்ட காகிதத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பழைய டெல்லியில் சாவ்ரி பஜார் இருக்கிறது. மெட்ரோ ரயிலில் போகலாம். காகிதத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் பெயர் பெற்ற கடைத்தெரு அது. அங்கே அச்சாகும் பத்திரிகைகள் ஊரெல்லாம் போகின்றன. கல்யாணம் முடிந்ததும் குப்பைக்குப் போகின்றன. தங்க நிறக் கொடி, மாங்காய் வடிவம், யானை, தாமரை என்று எத்தனை அழகு அதில்! நீங்கள் வேலை செய்யும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். கபாடிக்காரரிடமும் கேட்கலாம்.

கல்யாணப் பத்திரிகையில் இன்னொரு வசதியும் உண்டு. அது கனமான காகிதம். காகிதத்தின் கனத்தை 'ஜி.எஸ்.எம்.' என்று சொல்வார்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள தாள் எத்தனை கிராம் எடை இருக்கிறது என்பதே அந்தக் கணக்கு. நோட்டுப் புத்தகத் தாள் ஏறத்தாழ 60 கிராம் இருக்கும். பத்திரிகை அட்டை 250 முதல் 300 கிராம் வரை இருக்கும்.

செய்தித்தாளை மட்டும் பயன்படுத்த வேண்டாம். அது மரக்கூழில் செய்தது. மரத்தில் 'லிக்னின்' என்ற பொருள் இருக்கிறது. வெயிலும் காற்றும் பட்டால் லிக்னின் பழுப்பாகும். காகிதமும் நொறுங்கும். பழந்துணிக் காகிதத்தில் இந்தத் தொல்லை இல்லை.

அலங்காரத்துக்கு வீட்டிலேயே பொருள் இருக்கும். பழைய சேலையின் ஜரிகை, உதிர்ந்த பொத்தான், அறுந்த பாசிமணி, ரிப்பன் துண்டு, சமிக்கி எல்லாம் ஆகும். புதிதாக வேண்டும் என்றால் சாந்தினி சௌக்கில் உள்ள கினாரி பஜாரில் ஜரிகையும் சமிக்கியும் கிடைக்கும்.

பசை காய்ச்சலாம்

ஒரு தம்ளர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி மைதா போதும். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரையுங்கள். பிறகு சிறு தீயில் வைத்துக் கிண்டுங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போல ஆனதும் இறக்குங்கள். ஆறிய பிறகு ஒட்டுங்கள். டெல்லி வெயிலில் ஒரே நாளில் புளித்துவிடும். அன்றன்றைக்குக் காய்ச்சுவதே நல்லது.

சிலர் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கு மாவுப் பசை என்றால் ஆசை. ஈரம் இருந்தால் இன்னும் வரும். அதனால் ஒட்டிய பக்கத்தை நன்றாகக் காய விடுங்கள். காய்ந்த வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவே வையுங்கள்.

செல்லோ டேப் ஒட்டாதீர்கள். நானே இந்தத் தப்பைச் செய்தவள்தான். பள்ளிக்கூடப் படம் ஒன்றை டேப் போட்டு ஒட்டி வைத்தேன். சில ஆண்டுகளில் டேப் மஞ்சளாகிக் கழன்றது. அதன் பசை மட்டும் என் தோழியின் முகத்தின் மேல் நின்றுவிட்டது.

புத்தகம் கட்டும் முறை

1. இரண்டு சார்ட் அட்டைகள் வாங்குங்கள். ஒன்று 28 அங்குல நீளம், 22 அங்குல அகலம் இருக்கும். நீளத்தை நான்காகவும் அகலத்தை இரண்டாகவும் வெட்டுங்கள். ஓர் அட்டையில் 8 தாள் கிடைக்கும். இரண்டில் 16 தாள். ஒவ்வொரு தாளும் 11 அங்குலத்துக்கு 7 அங்குலம்.

2. பத்திரிகை அட்டையில் 7 அங்குல நீளம், 1 அங்குல அகலத்தில் 15 பட்டைகள் வெட்டுங்கள். ஒவ்வொரு இரண்டு தாளுக்கும் நடுவே, கட்டும் ஓரத்தில் ஒரு பட்டை வையுங்கள். இந்தப் பட்டை எதற்கு? படம், ஜரிகை, பொத்தான் எல்லாம் ஒட்டினால் பக்கம் தடித்துவிடும். பட்டை இல்லாவிட்டால் புத்தகம் வாயைப் பிளந்து நிற்கும்.

3. மேலும் கீழும் அட்டைப்பெட்டித் துண்டை வையுங்கள். அதன் மேல் பூப்போட்ட காகிதத்தை ஒட்டுங்கள். பசை பட்ட காகிதம் ஈரத்தில் விரியும். காயும்போது சுருங்கி அட்டையை வளைக்கும். அதனால் உள்பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுவதும் கனமான பொருளுக்கு அடியில் வையுங்கள்.

4. கட்டும் ஓரத்தில் ஆணியால் இரண்டு துளைகள் போடுங்கள். பழைய ஷூ லேஸைக் கோத்து முடிச்சுப் போடுங்கள். நாளை தாள் சேர்க்க வேண்டுமா? முடிச்சை அவிழ்த்தால் போதும்.

படத்துக்கு மூலை, பக்கத்துக்குப் பூ

போட்டோவின் முதுகில் பசை தடவாதீர்கள். காகித மூலை செய்யலாம். 2 அங்குல நீளம், 1 அங்குல அகலத்தில் மெல்லிய வண்ணக் காகிதம் வெட்டுங்கள். மேலே உள்ள இரண்டு மூலைகளையும் கீழ் ஓரத்தின் நடுவுக்கு மடியுங்கள். முக்கோணம் கிடைக்கும். படத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றைச் செருகுங்கள். முக்கோணத்தின் முதுகை மட்டும் பக்கத்தில் ஒட்டுங்கள். வேண்டும்போது படத்தை உருவி எடுக்கலாம்.

இனி ஒரு பூ. பரிசுப்பொருள் சுற்றிவரும் பூப்போட்ட காகிதம் இதற்கு நல்லது. 12 அங்குல நீளம், 1 அங்குல அகலத்தில் வெட்டுங்கள். கால் அங்குல அளவில் முன்னும் பின்னுமாக விசிறி போல மடியுங்கள். இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டுங்கள். வளையம் வரும். மேலிருந்து மெல்ல அமுக்கினால் வட்டப் பூவாக விரியும். நடுவில் ஒரு பொத்தானை ஒட்டுங்கள்.

பத்திரிகை வந்த உறையையும் வீணாக்காதீர்கள். மேல்பக்கத்தை வெட்டிவிட்டு, முதுகைப் பக்கத்தில் ஒட்டுங்கள். அது ஒரு பை. குழந்தையின் முதல் முடி, ஊரிலிருந்து வந்த கடிதம் எல்லாம் அதில் வைக்கலாம்.

என்ன எழுதுவது?

படத்தை ஒட்டியதும் வேலை முடியவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து உங்கள் பேத்தி இந்தப் பக்கத்தைத் திறப்பாள். "இது யாரு?" என்று கேட்பாள். சொல்ல அப்போது யார் இருப்பார்கள்?

ஒவ்வொரு படத்துக்குக் கீழும் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

யார்? எங்கே? எப்போது? என்ன நடந்தது?

எழுத்துப் பிழை வந்தால் வரட்டும். படித்ததை விட்டுவிட்டால் எழுத்து மறந்துபோகும். வாரம் ஒரு பக்கம் எழுதினால் மறக்காது. நீங்கள் முதன்முதலில் கையெழுத்துப் போட்ட தாளையும் ஒரு பக்கத்தில் வையுங்கள். கைநாட்டு வைத்த பழைய தாள் இருந்தால் அதையும் பக்கத்தில் வையுங்கள்.

பின்பகுதியில் கவனம்

ரேஷன் அட்டை, பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, பழைய மின்சார ரசீது எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுங்கள். நகலைப் புத்தகத்தின் கடைசி உறைகளில் வையுங்கள். எந்தச் சான்றின் மேலும் பசை படக்கூடாது. அசலைத் தனியாக, தண்ணீர் புகாத உறையில், உயரமான இடத்தில் வையுங்கள். செல்போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். விருந்தாளிக்குப் புத்தகம் காட்டும்போது இந்தப் பின்பகுதியை எடுத்து வைத்துவிடுங்கள். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் எல்லோரும் பார்ப்பதற்கு அல்ல.

படம் இல்லாத பக்கம்

அந்த அக்காவும் புத்தகம் செய்தார். முதல் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையின் தாமரையை வெட்டி ஒட்டினார். இரண்டாம் பக்கம் அம்மாவுக்கு என்றார். ஆனால் அம்மாவின் படம் இல்லையே! வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் ஒரு சேலைத் துண்டைக் கொண்டுவந்தார். அம்மா கட்டிய சேலை அது. அதைச் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் காகித மூலை வைத்தார். அதற்குக் கீழே எழுதினார்:

"இது எங்க அம்மா சேலை. அம்மா மூக்குத்தி போட்டு இருக்கும். களை எடுக்க போகும். என்னை படிக்க வைக்க ஆசை பட்டுச்சு. இப்ப நான் எழுதுறேன்."

எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகு தன் மகளைக் கூப்பிட்டு, விரல் வைத்து, தானே படித்துக் காட்டினார்.

செய்து பாருங்கள்

1. உங்கள் பெட்டியில் உள்ள காகிதங்களுக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். எதற்கு நகல் இல்லை?
2. காகித மூலை நான்கு செய்து ஒரு படத்தை வையுங்கள்.
3. உங்கள் வீட்டில் படம் இல்லாத ஒருவரைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள்.